அடிபட்ட காரைச் சரிசெய்து வைத்துக்கொள்வதா, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவதா?

தனிவழி:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் ஹாட்ச்பேக் கார் இரண்டு வாரங்களுக்கு முன் விபத்தில் சிக்கியது. நாற்சந்தியில் நிற்காமல் திரும்பிய வேன் ஒன்று இடதுபக்க முன்மூலையில் மோதியது. இறைவன் அருளால் யாருக்கும் காயமில்லை, ஏர்பேக்கும் விரியவில்லை. பம்பர் கிழிந்து, ஹெட்லைட் நொறுங்கி, சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத்தகடான ஃபெண்டர் டயரின்மேல் மடங்கிவிட்டது. அதை இழுத்துவிட்டு வீடுவரை மெதுவாக ஓட்டி வந்தேன். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி இடப்பக்கமாக இழுக்கிறது. முன்பு ஒரு விரலால் தள்ளினாலே மூடிக்கொண்ட இடது முன்கதவை இப்போது கைப்பிடியோடு சேர்த்துச் சற்றே தூக்கி அழுத்தினால்தான் மூட முடிகிறது. என்னை அதிகம் கவலைப்படுத்துவது அந்தக் கதவுதான்.

விலைகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் தொகைகளை விகிதமாகவே சொல்கிறேன். விபத்துக்கு முதல்நாள் இந்தக் காரை விற்றிருந்தால் நூறு கிடைத்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நாற்பது ஆகும் என்றும், பிரித்துப் பார்த்தால் கூடலாம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். புதிய கார் வாங்கப் போன ஷோரூமில், இதை இப்படியே விட்டுவிடுங்கள், ஐம்பதுக்கு எடுத்துக்கொள்கிறோம், அதற்குமேல் எக்ஸ்சேஞ்ச் போனஸும் உண்டு என்கிறார்கள். புதிய காரின் விலை ஏறத்தாழ நானூறு. மீதிக்கு ஐந்தாண்டுக் கடன் வாங்க வேண்டியிருக்கும். பழைய காரின்மீது கடன் எதுவுமில்லை. முழுக் காப்பீடு இருக்கிறது. விபத்து நடந்த அன்றே தகவல் கொடுத்துக் கிளெய்ம் எண் வாங்கிவிட்டேன். ஆனால் ஷோரூமில் கொடுத்துவிடுவதானால் எதற்கு அலைய வேண்டும் என்று கிளெய்மைத் தொடராமல் இருக்கிறேன்.

வண்டி 1,04,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சினில் குறை எதுவுமில்லை. சென்ற ஆண்டு கிளட்ச் மாற்றினேன்; நான்கு டயர்களும் ஆறு மாதத்துக்கு முன் வாங்கியவை. அவ்வளவு செலவழித்த வண்டியை விட மனம் வரவில்லை. அதே சமயம், அடிபட்ட வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகலாமா என்ற அச்சமும் விடவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பட்டறைவாசி:

வணக்கம் ஐயா. யாருக்கும் காயமில்லை என்பதே முதல் நிம்மதி. இருபது ஆண்டுகளாக டிங்கரிங் வேலையில் இருப்பவன் என்ற முறையில், நீங்கள் சொன்ன தொகைகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

அடிபட்டது வண்டியின் தோலா, எலும்பா என்பது தெரியாதவரை நாற்பது என்ற மதிப்பீட்டுக்கு அர்த்தமில்லை. பம்பர், ஃபெண்டர், பானட், ஹெட்லைட் ஆகியவை எல்லாம் தோல். போல்ட்டைக் கழற்றிப் புதியதை மாட்டினால் முடிந்தது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குச் சேசிஸ் என்ற தனிச் சட்டகம் கிடையாது. தகடுகளைப் பற்றவைத்துச் செய்த உடலே சட்டகமாகவும் இருக்கிறது. அதில் முன்பக்கம் நீளவாக்கில் ஓடும் இரண்டு விட்டங்கள், சஸ்பென்ஷனைத் தாங்கும் ஏப்ரன், கதவுக் கீல்கள் நிற்கும் தூண் ஆகியவைதான் எலும்பு. விபத்தில் முன்பகுதி நசுங்கி அடியின் வேகத்தைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும், உட்கார்ந்திருப்பவர்களின் கூடு மட்டும் நசுங்காமல் நிற்க வேண்டும் என்ற அமைப்பை மெர்சிடிஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த பேலா பாரெனி என்ற பொறியாளர் வகுத்தார்; 1959-இல் அது முதன்முதலாக விற்பனைக் காரில் வந்தது. இன்று எல்லாக் கார்களும் அப்படித்தான் கட்டப்படுகின்றன. அடியை வாங்குவதற்கென்றே செய்யப்பட்ட விட்டம் ஒரு முறை மடங்கிவிட்டால், அதை இழுத்து நேராக்கிப் பெயிண்ட் அடித்து அழகாகக் காட்ட முடியும். அடுத்த விபத்தில் அது மடங்க வேண்டிய இடத்தில் மடங்கும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான், மடிந்துபோன விட்டத்தைத் தயாரிப்பாளர் காட்டும் இடத்தில் வெட்டி எடுத்துப் புதிய துண்டைப் பற்றவைக்க வேண்டும் என்கிறோம். இலேசாக வளைந்ததை மட்டுமே, அதுவும் சூடு காட்டாமல், வண்டியின் உடலை அளந்து நேராக்கும் மேடையான பெஞ்சில் ஏற்றி இழுக்கலாம். கதவுத்தூண் போன்ற இடங்களில் போரான் கலந்த எஃகைப் பயன்படுத்துகிறார்கள். அதைச் சுமார் 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி அச்சிலேயே குளிர்வித்து, 1500 மெகாபாஸ்கல் அளவுக்கு வலிமையேற்றி வைத்திருப்பார்கள். அதன்மீது கேஸ் வெல்டிங் சுடரைக் காட்டினால் அந்த வலிமை அங்கேயே போய்விடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

உங்கள் கதவைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஃபெண்டர் பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கதவின் முன்விளிம்பையோ கீலையோ அழுத்திக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஃபெண்டரைக் கழற்றிய மறுநிமிடமே கதவு பெரும்பாலும் பழையபடி மூடும். இல்லையென்றால் தூணே நகர்ந்திருக்க வேண்டும். அது பெரிய சேதம். வீட்டிலேயே ஒன்று பாருங்கள்: பகல் வெளிச்சத்தில் நின்று, கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கிறதா என்று வலது கதவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு முன்கண்ணாடியின் மேல்முனையருகே, தூணும் கூரையும் சேரும் மூலையில் பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அங்கே வெடிப்பு இருந்தால் அடி உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு செலவு செய்யுங்கள். அளவிடும் பெஞ்ச் உள்ள பட்டறையில், முன்பக்கத்தைப் பிரித்து, அடிப்பகுதிப் புள்ளிகளைத் தயாரிப்பாளரின் அளவுத்தாளோடு ஒப்பிட்டு எழுத்தில் வாங்குங்கள். பொதுவாக 3 மில்லிமீட்டர் வரையிலான வேறுபாட்டை ஏற்றுக்கொள்வார்கள். இடப்பக்கம் இழுப்பது, சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் பாகங்களான லோயர் ஆர்ம் அல்லது நக்கிள் வளைந்ததாலும் இருக்கலாம். அவை கழற்றி மாற்றக்கூடியவை. அவற்றை மாற்றாமல் வெறும் வீல் அலைன்மென்ட் செய்து நேராக்குகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் வண்டியை விடாதீர்கள். ஏர்பேக் விரியவில்லை என்றாலும், சீட் பெல்ட்டை முழுதும் இழுத்து விட்டுப் பாருங்கள். மோதும் நொடியில் பெல்ட்டை இறுக்கும் ப்ரீடென்ஷனர் ஒரு முறை வெடித்திருந்தால் பெல்ட் சரியாகச் சுருளாது, அதை மாற்றியே ஆக வேண்டும்.

அளவு சரியாக இருந்தால் குழந்தைகளை ஏற்றிச் செல்லத் தயங்க வேண்டாம். விட்டம் மடிந்திருந்தால், நான் பட்டறைக்காரனாக இருந்தும், கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வரவுசெலவு:

பட்டறைவாசி ஐயா சொன்னதற்குப் பிறகுதான் கணக்கு வர வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடு. வண்டி பாதுகாப்பானது என்று அளவுத்தாள் சொன்னால் மட்டும் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

முதலில் காப்பீடு. கிளெய்மைக் கைவிட்டுவிட்டு வண்டியை ஐம்பதுக்குக் கொடுப்பது உங்களுக்கு இழப்பைத் தரும் வழி. சரிசெய்ய ஆகும் நாற்பதை நீங்களே கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். விபத்து வரலாறு உள்ள வண்டி எவ்வளவு நன்றாகச் சரிசெய்யப்பட்டாலும் நூறுக்குப் போகாது. எண்பதுக்குப் போகிறது என்று கொண்டால், நாற்பதைக் கழித்து உங்கள் கையில் நிற்பதும் நாற்பதுதான். ஷோரூம் தரும் ஐம்பதே மேல். ஆகவே, விற்பதற்காகவே சொந்தப் பணத்தில் சரிசெய்வது பெரும்பாலும் நட்டம்; ஷோரூமுக்குத் தனிப் பட்டறை உண்டு, அவர்களுக்கு அதே வேலை உங்களைவிடக் குறைந்த செலவில் முடியும். ஆனால் கிளெய்மில் போய், உங்கள் பங்காகப் பத்து மட்டும் கொடுத்தால், அதே எண்பதில் எழுபது உங்களிடம் நிற்கும். ஒரே வண்டி, ஒரே அடி. கிளெய்ம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறுகிறது. கிளெய்ம் எடுத்தால் அடுத்த ஆண்டு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி போகலாம். அதையும் உங்கள் பங்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வேன் ஓட்டியவர்மீது தவறு என்பது பதிவாகியிருந்தால், அவருடைய காப்பீட்டிலிருந்து பெற முடியுமா என்பதையும் கேளுங்கள். சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும் முன் எதையும் கழற்ற விடாதீர்கள். பிரித்தபின் தெரியும் சேதத்துக்குக் கூடுதல் மதிப்பீடு கொடுக்க வழியிருக்கும். அதைப் பட்டறை எழுத்தில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, எக்ஸ்சேஞ்ச் போனஸ். ஷோரூமில் பழைய வண்டியின் விலை, போனஸ், புதிய வண்டியின் தள்ளுபடி, கடன் வட்டி ஆகிய நான்கையும் ஒரே தாளில் குழைத்து எழுதுவார்கள். ஒன்றில் ஏற்றிக் கொடுத்ததை மற்றொன்றில் இறக்கிக்கொள்வது மிக எளிது. எனவே பழைய வண்டி இருப்பதாகவே சொல்லாமல், புதிய வண்டிக்கு இறுதி விலை என்ன என்று இன்னொரு ஷோரூமில் கேட்டு எழுதி வாங்குங்கள். எக்ஸ்சேஞ்சோடு நீங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டிய மொத்தத்தை அந்த விலையிலிருந்து கழியுங்கள். வருகிற மீதிதான் உங்கள் பழைய வண்டிக்கு அவர்கள் உண்மையில் கொடுக்கும் விலை. அது முப்பதாக இருந்தால், ஐம்பது என்று அவர்கள் உரத்துச் சொன்னதற்கு மதிப்பில்லை.

அடிபட்ட வண்டிகளை அப்படியே வாங்குபவர்கள் தனியே இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். சேதத்தை மறைக்க மட்டும் வேண்டாம். அது நேர்மையற்றது என்பதோடு, பின்னாளில் வழக்காகவும் வரக்கூடும். வெளிப்படையாக இருப்பது லாபமும்கூட. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் எல்லா வண்டிக்கும் மோசமான வண்டியின் விலையையே கொடுக்க நினைப்பார் என்று பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாக வைத்து விளக்கினார். அவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்த ஆய்வே அடிப்படை. படங்கள், மதிப்பீடு, அளவுத்தாள், மாற்றிய பாகங்களின் ரசீது எல்லாம் உங்களிடம் இருந்தால், வாங்குபவரின் அந்தச் சந்தேகத்துக்கு நீங்கள் விலை கொடுக்க வேண்டியதில்லை.

கிளட்சுக்கும் டயருக்கும் கொடுத்த பணத்தைப் பற்றி ஒரு சொல். அந்தப் பணம் போனது போனதுதான். அதற்காக வண்டியை வைத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணாதீர்கள். ஆனால் அந்தக் கிளட்சும் டயரும் இன்னும் சில ஆண்டுகளுக்கு உங்களுக்குச் செலவு வைக்கமாட்டா. வரப்போகும் செலவு குறைவு என்பதுதான் கணக்கில் ஏற வேண்டியது. எக்ஸ்சேஞ்சில் அதற்குத் தனியாக ஒரு காசும் தரமாட்டார்கள்.

இனி வைத்துக்கொள்வதையும் புதியது வாங்குவதையும் ஒப்பிடுங்கள். புதிய கார் முதல் ஆண்டிலேயே ஐந்தில் ஒரு பங்கு மதிப்பை இழப்பது அரிதல்ல. நானூறில் ஐந்தில் ஒரு பங்கு எண்பது. அதாவது, சரிசெய்த உங்கள் பழைய காரின் முழு மதிப்பும் ஒரே ஆண்டில், வட்டியைச் சேர்க்காமலே, கரைந்துவிடுகிறது. ஒன்பது ஆண்டு ஓடிய வண்டி அதே ஆண்டில் பத்தை இழந்தால் அதிகம். அந்த இடைவெளிக்குள் எத்தனை பழுதுகளைப் பார்க்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். புதிய வண்டியில் பாதுகாப்பு வசதிகள் கூடுதல் என்பது உண்மைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதுவே உங்கள் நோக்கமென்றால், முதல் மதிப்பிழப்பை வேறொருவர் ஏற்றுக்கொண்டுவிட்ட மூன்று ஆண்டுப் பழைய காரையும் பாருங்கள். வாங்கும் முன் அதையும் இதே பெஞ்சில் ஏற்றிப் பாருங்கள்.

மழைத்துளி:

மேலே இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. இருந்தாலும் சரிசெய்து வைத்துக்கொண்டு வருந்தியவள் ஒருத்தியின் அனுபவமும் இங்கே இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். எனக்கும் முன்மூலையில்தான் அடி. பட்டறையில் பம்பரும் ஃபெண்டரும் மாற்றி, அலைன்மென்ட் செய்து, கண்ணாடிபோலப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். அளவெடுத்த தாள் எதையும் நான் கேட்கவில்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது. ஐந்தாவது மாதம் டயர் மாற்றும் இடத்தில் ஊழியர் முன்சக்கரத்தைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார். வெளிவிளிம்பில் டயரின் பட்டன் முழுதாக இருந்தது. உள்விளிம்பில் கம்பி தெரிந்தது. நின்று பார்க்கும் கண்ணுக்கு அந்த உள்விளிம்பு ஒருநாளும் தெரிந்திராது. அந்தச் சக்கரத்தோடுதான் நெடுஞ்சாலையில் போய்வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது கை நடுங்கியது.

அதன்பின் மழை பெய்தால் முன்இருக்கையின் காலடி விரிப்பு ஈரமாகத் தொடங்கியது. பற்றவைத்த இணைப்பில் நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் சரியாக வைக்கவில்லையாம். ஈரம் ஒயர் இணைப்பில் ஏறிப் பச்சை பூத்து, எச்சரிக்கை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஒவ்வொரு முறையும் செலவு சிறியதாகவே இருந்தது. அதனாலேயே நிறுத்தத் தோன்றவில்லை. ஒன்றரை ஆண்டில் கூட்டிப் பார்த்தபோது முதல் மதிப்பீட்டைவிட அதிகமாகக் கொடுத்திருந்தேன். பிறகு விற்றேன்.

எனவே ஐயா, வைத்துக்கொள்வதாக முடிவெடுத்தால், இதற்குமேல் ஒரு காசு போனாலும் விற்றுவிடுவேன் என்று ஒரு தொகையை இன்றே, வேலை தொடங்கும் முன்பே, எழுதி வையுங்கள். வேலை முடிந்ததும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சக்கரங்களைக் கழற்றி உள்விளிம்பைப் பாருங்கள். காலடி விரிப்பைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். உங்கள் வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமராவோ, பம்பருக்குள் ரேடாரோ இருந்தால், அவற்றை மறுபடியும் அளவுத்திருத்தம் செய்தார்களா என்றும் கேளுங்கள். என் வண்டியில் அவை இல்லை, இருந்திருந்தால் அதையும் கேட்காமல் விட்டிருப்பேன்.

தனிவழி:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பத்து நாள்களாக எழுத முடியவில்லை. செய்ததைச் சொல்கிறேன்.

கூரைமூலையில் பெயிண்ட் வெடிப்பு எதுவும் இல்லை. கிளெய்மைத் தொடர்ந்தேன், சர்வேயர் வந்து படமெடுத்தபின், பெஞ்ச் உள்ள வேறொரு பட்டறைக்கு வண்டியை மாற்றினேன். என் கண்முன்னேயே ஃபெண்டரின் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். கடைசி போல்ட் வந்ததும் ஃபெண்டர் ஒரு விரற்கடை முன்னால் துள்ளி விலகியது. அதுவரை அது கதவின்மேல் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. கதவை மூடிப் பார்த்தேன். முன்னைவிட எளிதாக மூடியது, ஆனால் பழையபடி இல்லை. மேற்கீல் சற்றே வளைந்திருக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்றார்கள். அளவுத்தாளில் இரண்டு விட்டங்களும் 2 மில்லிமீட்டருக்குள் நிற்கின்றன. குறுக்களவுகளும் சரியாக உள்ளன. இடது லோயர் ஆர்ம் கண்ணுக்கே தெரியும்படி வளைந்திருந்தது. ஏப்ரனின் முன்னோரம் மடங்கியிருக்கிறது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்றப்போகிறார்கள். பெல்ட்டுகள் நன்றாகச் சுருள்கின்றன.

மதிப்பீடு நாற்பதிலிருந்து நாற்பத்தேழாக ஏறியது. காப்பீட்டு நிறுவனம் கூடுதல் மதிப்பீட்டையும் ஏற்றுக்கொண்டது. என் பங்கு, தள்ளுபடி இழப்பையும் சேர்த்து, பன்னிரண்டு ஆகிறது. வரவுசெலவு அவர்கள் சொன்னபடி வேறொரு ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் விலை கேட்டேன். கழித்துப் பார்த்தால் என் வண்டிக்கு முதல் ஷோரூம் உண்மையில் கொடுக்க முன்வந்தது முப்பத்தாறு. அந்தத் தாளை மனைவியிடம் காட்டியபோது அவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, சரிசெய்துவிடுவோம் என்றார்.

ஆகவே வைத்துக்கொள்கிறோம். மழைத்துளி அம்மா சொன்ன தொகையையும் எழுதி, காரின் ஆவணங்களோடு வைத்துவிட்டேன்: என் பங்குக்குமேல் இன்னும் பதினைந்து, அதைத் தாண்டினால் விற்பனை. புதிய காருக்குக் கட்டியிருக்க வேண்டிய தவணையில் பாதியை மாதந்தோறும் தனிக் கணக்கில் போடத் தொடங்கியிருக்கிறேன். மூன்று ஆண்டு கழித்து மாற்ற நேர்ந்தால் கடன் அந்த அளவுக்குக் குறையும். வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது. ஏப்ரன் இணைப்பில் பெயிண்ட் அடிக்கும் முன் சீலன்ட் வைத்ததைப் படமெடுத்து அனுப்பும்படியும், கழற்றிய லோயர் ஆர்மை எனக்குக் காட்டும்வரை எடுத்துவைக்கும்படியும் பட்டறையில் சொல்லியிருக்கிறேன்.